வாடகைப் பரண்

கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊர் வீட்டில் ஒரு பரண் இருந்தது. கூடத்தை ஒட்டிய இருட்டறையில் தலைக்கு மேலே பலகை பாவியது. கலியாணத்துக்கு மட்டும் இறங்கும் அண்டாக்கள், வைக்கோல் பொதிந்த கூடையில் கொலுப் பொம்மைகள், பிள்ளைகள் எல்லாரும் தூங்கிய மரத் தொட்டில், தகரப் பெட்டி நிறையக் கடிதங்களும் பத்திரங்களும் ஜாதகங்களும் அங்கே ஏறியிருந்தன. பரணுக்கு வாடகை கிடையாது. இடம் போதவில்லை என்று அது ஒருநாளும் அறிவித்ததில்லை. கரையானும் எலியும் அவ்வப்போது தம் பங்கை எடுத்துக்கொண்டன. எஞ்சியது எங்களுடையது என்று எண்ணியிருந்தோம்.

தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. மத்திய அரசு எழுத்தருக்குக் கிடைக்கும் இரண்டறைக் குடியிருப்பில் குளியலறைக்கு மேலே ஒரு சிமெண்டுப் பலகை உண்டு. கோடையில் ரஜாய்களும் குளிர்காலத்தில் மேசை விசிறிகளும் அதில் முறைவைத்துக் குடியிருக்கின்றன. வேறொன்றுக்கும் இடமில்லை. இருந்தாலும் என்ன பயன்? பணி ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தாக வேண்டும். ஆகவே ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றோரின் பரண், கைக்குள் அடங்கும் பெட்டியாகவும் கண்ணுக்குத் தெரியாத கிடங்காகவும் மாறிவிட்டது. விலை கொடுத்து வாங்கிய பெட்டியை நம்புவதா, மாதந்தோறும் வாடகை கேட்கும் கிடங்கை நம்புவதா என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கு சில ஆண்டுகள் நடந்தது. அது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய வழக்கு அன்று என்பதால் இம்மலரின் அன்பர்கள்முன் வைக்கத் துணிந்தோம்.

2017ஆம் ஆண்டுக் கோடையில் ஊரிலிருந்து அம்மா வந்து எங்களுடன் இரண்டு மாதங்கள் தங்கினார். மகளுக்கு அப்போது மூன்று வயது. ஒரு பிற்பகல் மின்சாரம் நின்றுபோன வேளையில், குழந்தையை மடியில் கிடத்திக் கைவிசிறியால் வீசிக்கொண்டே அம்மா தாலாட்டுப் பாடினார். பாட்டு நின்ற இடத்தில் பேச்சுத் தொடங்கியது. 1952ஆம் ஆண்டுப் புயலில் தோப்பு முழுவதும் சாய்ந்தது, 1980 மகாமகக் கூட்டத்தில் எங்களுள் ஒருவரைக் கைக்குழந்தையாக ஏந்திக்கொண்டு திணறியது, பிறகு மீண்டும் பாட்டு. நல்ல வேளையாகக் கைப்பேசியை அருகில் வைத்து ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தோம். நாற்பது நிமிடங்கள் பதிவாகியிருந்தன.

அந்தக் கைப்பேசியின் கொள்ளளவு பதினாறே ஜிபி. ‘இடமில்லை’ என்ற அறிவிப்பு வாரந்தோறும் வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டுதான் ஒரு டிபி, அதாவது ஏறத்தாழ ஆயிரம் ஜிபி கொள்ளும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கியிருந்தோம். அம்மாவின் குரலையும் பழைய படங்கள் அனைத்தையும் அதில் ஏற்றி, கைப்பேசியில் இருந்தவற்றை அழித்துவிட்டு, பெட்டியின்மேல் ‘குடும்பம்’ என்று எழுதி ஒட்டி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினோம். ஒருமுறை பணம் கொடுத்தாயிற்று, இனி யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்பதில் எங்களுக்குப் பெருமிதமே இருந்தது.

அக்காலத்தில் கூகுள் நிறுவனம் படங்களைச் சற்றே சுருக்கிய தரத்தில் எவ்வளவு வேண்டுமாயினும் இலவசமாக ஏற்றிவைக்க இடம் தந்துகொண்டிருந்தது. 2015 மே மாதத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. நாங்கள் அதனைத் தொடவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வரும்வரை ஒரு ஜிபி இணையத்துக்கே இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துப் பழகியவர்கள் நாம். பிறகு இணையம் மலிந்தது. ஆயினும் இலவசமாகத் தரப்படும் எதையும் ஐயத்தோடு நோக்கும் எழுத்தர் புத்தி எங்களைவிட்டுப் போகவில்லை. எவனோ ஒருவன் வீட்டில் நம் பெட்டியை வைப்பானேன் என்றிருந்தோம்.

2020 ஏப்ரலில் அம்மா ஊரில் காலமானார். நாடு முழுவதும் ஊரடங்கு. இரயில் இல்லை, விமானம் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து அக்கா மட்டும் அனுமதிச் சீட்டுப் பெற்றுக் காரில் போய்ச் சேர்ந்தார். நாங்கள் கைப்பேசித் திரையில் பார்த்தோம். அதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை. அந்த ஆண்டில் இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் எத்தனையோ வீடுகளில் அதுவே நடந்தது.

பதின்மூன்றாம் நாள் கழிந்தபின் பீரோவைத் திறந்து ‘குடும்பம்’ என்று எழுதிய பெட்டியை எடுத்துக் கணினியில் இணைத்தோம். டிக், டிக் என்று ஒலித்தது. சிறிது நேரம் ஓய்ந்தது. மீண்டும் டிக், டிக்.

ஹார்டு டிஸ்க்கின் உள்ளே கண்ணாடிபோல் மெருகிட்ட வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு ஐயாயிரம் முறைக்கு மேல் சுழல்கின்றன என்பதும், அவற்றின் காந்தப் பூச்சில் எழுதவும் படிக்கவும் உள்ள முனை, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் தட்டைத் தொடாமல் மிதக்கிறது என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு சிறு வீழ்ச்சி போதும். சில பெட்டிகள் விழாமலே பழுதாகும். பீரோவில் பூட்டி வைத்திருந்தோம் என்று நாங்கள் சொன்னபோது, நேரு பிளேஸில் பழுது பார்க்கும் இளைஞர் சிரிக்காமல் இருந்ததே பெரிய மரியாதை. “அங்கிள்ஜி, இது நகை இல்லை, இயந்திரம். இரண்டாவது பிரதி எங்கே?” என்று இந்தியில் கேட்டார். இரண்டாவது பிரதி இல்லை. பதினான்காயிரம் ரூபாய் கொடுத்தோம். மூன்று வாரங்களில் ஏறத்தாழ நான்காயிரம் படங்கள், தேதியும் பெயரும் இழந்து வெறும் எண்களாக, ஒரு புதிய பெட்டியில் வந்து சேர்ந்தன. அம்மாவின் குரல் அவற்றில் இல்லை.

அக்காவிடம் ஒரு துண்டு இருந்தது. 2017இல் அந்தப் பதிவிலிருந்து ஆறு நிமிடங்களை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பியிருந்தோம். அவர் அதை அழிக்கவில்லை. பத்திரப்படுத்தும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. அழிக்கச் சோம்பல், அவ்வளவே. அந்த ஆறு நிமிடங்களில் தாலாட்டு இரண்டே நிமிடம். மற்றவை தில்லித் தண்ணீரில் பருப்பு வேகாததைப் பற்றிய புகார். நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று முறை விசிலடிக்கிறது. நாற்பதில் ஆறு.

அந்த நான்காயிரம் படங்களையாவது வேறோரிடத்தில் வைப்போம் என்று எண்ணியபோது, 2020 நவம்பரிலேயே கூகுள் ஓர் அறிவிப்புச் செய்திருந்தது: 2021 ஜூன் முதல் நாளிலிருந்து ஏற்றப்படும் படங்கள் கணக்கில் கொள்ளப்படும், அஞ்சல், படம், கோப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவச அளவு 15 ஜிபி. அதற்குமுன் ஏற்றியவை, சுருக்கிய தரத்தில் இருப்பின், கணக்கில் சேரா. ஆறு மாதங்களுக்கு மேல் அவகாசம். அலுவலகத்தில் பிறருடைய கோப்புகளுக்கெல்லாம் நினைவூட்டு மடல் எழுதும் நாங்கள் எங்கள் கோப்பை நிலுவையில் விட்டோம். 2021 ஏப்ரலிலும் மே மாதத்திலும் தில்லி இருந்த நிலையில் படங்களைப் பற்றி யார் நினைத்தார்கள்? ஜூலையில் நினைவு வந்து ஏற்றினோம். ஐந்து வார வேறுபாட்டில் இலவசம் கட்டணமாயிற்று. குறை கூற இடமில்லை. முன்னறிவிப்பு முறைப்படி கொடுக்கப்பட்டிருந்தது.

2022இல் கிடங்கு நிரம்பியது. நிரம்பினால் படம் மட்டும் நிற்கும் என்று எண்ணியிருந்தோம். அஞ்சலும் நின்றது. ஊர் வீட்டை விற்பதற்காக அக்கா அனுப்பிய பத்திர நகல்கள் மூன்று நாள்களாகத் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்ததை அவர் தொலைபேசியில் சொல்லித்தான் அறிந்தோம். அன்றிரவு வீட்டில் இரு கட்சிகள் தோன்றின. இல்லத்தரசியார் கட்சி, ஆண்டுக்கு 1,300 ரூபாய் கொடுத்தால் 100 ஜிபி கிடைக்கும், கொடுத்துவிட்டுத் தூங்கலாம் என்றது. எழுத்தர் கட்சி காகிதமும் பென்சிலும் எடுத்தது. நான்கு ஆண்டு வாடகை 5,200 ரூபாய். ஏறக்குறைய அதே விலைக்குப் பத்து மடங்கு இடமுள்ள பெட்டி சொந்தமாகவே கிடைக்கும். வாடகையோ உயிருள்ளவரை. நிறுத்தினால் மறுபடியும் அஞ்சல் நிற்கும். நிரம்பிய நிலையிலேயே இரண்டாண்டு விட்டுவிட்டால் உள்ளிருப்பதை நீக்கவும் விதி உண்டு. குடியிருப்பவனைச் சிறுகச் சிறுக இழுத்து, வெளியேற முடியாதபடி சாமான் சேர்ந்தபின் வாடகை கேட்கும் வீட்டுக்காரரை நாமெல்லாரும் பார்த்திருக்கிறோம் அல்லவா?

“பெட்டி வாங்கியதற்கு விலை எவ்வளவு என்று எழுதினீர்கள். பதினான்காயிரத்தை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்?” என்றார் இல்லத்தரசியார்.

அதற்கு மறுமொழி இல்லாமையால் எழுத்தர் கட்சி இடைக்கால ஏற்பாடாகக் களையெடுப்பை முன்மொழிந்தது. அரசு அலுவலகங்களில் கோப்புகளை மூன்று வகையாகப் பிரிப்பர். முதல் வகை என்றும் காக்கவும் நுண்படம் எடுக்கவும் உரியது. இரண்டாவது, காக்க உரியது, நுண்படம் வேண்டாதது. மூன்றாவது, குறித்த காலம் மட்டும், மிகுதியாகப் பத்தாண்டு, வைத்திருந்து பிறகு அழிக்க உரியது. இருபது ஆண்டுகளாக இதைச் செய்துவரும் கைக்கு நான்காயிரம் படங்கள் ஒரு பொருட்டா? அவ்வாண்டுத் தீபாவளி விடுமுறை நான்கு நாள்களும் அமர்ந்தோம். ஒரே பிறந்தநாள் கேக் பதினேழு கோணங்களில். மின்கட்டண இரசீதுகள். குதுப்மினாரின் உச்சி இல்லாத குதுப்மினார். இன்னார் என்று அடையாளம் தெரியாத ஒரு திருமண விருந்து. மூன்றாம் வகையில் ஆயிரத்து இருநூறு தேறின. அழித்தோம். அஞ்சல் மீண்டும் வரத் தொடங்கியது. எழுத்தர் கட்சி இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு மகள், ‘பாட்டி கோலம் போடுகிற படம் எங்கே?’ என்று கேட்டாள். அப்படி ஒரு படம் இருந்ததாக எங்களுக்கு நினைவே இல்லை. அவள் விளக்கியபின் புரிந்தது. புதிதாக வாங்கிய மிதிவண்டியை வாசலில் நிறுத்தி எடுத்த படம். கை நடுங்கிப் பாதி மங்கியது. மிதிவண்டியின் பின்சக்கரத்துக்கு அப்பால், படத்தின் ஓரத்தில், குனிந்த முதுகும் புள்ளி வைக்கும் ஒரு கையும். ‘மங்கல், மிதிவண்டி, தேவையில்லை’ என்று ஒரு நொடியில் தீர்ப்பெழுதி மூன்றாம் வகையில் தள்ளியிருந்தோம். கிடங்கின் குப்பைத் தொட்டியில் அழித்த படம் 60 நாள் கிடக்கும் என்பது விதி. நாற்பத்தோராம் நாள் அதை வெளியே எடுத்தோம்.

அன்றே 1,300 ரூபாயைக் கட்டினோம். கட்சி மாறிவிட்டோம் என்று நினைக்க வேண்டா. இடத்துக்கு வாடகை கொடுக்கிறோம் என்று எண்ணியதுதான் எங்கள் கணக்கின் பிழை. ‘மேகம்’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அங்கேயும் இருப்பவை பெரும்பாலும் இதே சுழலும் தட்டுகள்தாம். அவையும் டிக் டிக் என்று பழுதாகின்றன. ஆனால் ஒரு தட்டு பழுதாகும்போது அதே படம் வேறிடத்திலும் இருக்குமாறு ஏற்பாடு செய்து, பழுதானதை அகற்றிப் புதியதைப் பொருத்தும் ஆள் அங்கே உண்டு. எங்கள் பீரோவில் அந்த ஆள் இல்லை. மூன்றாண்டு ஒருமுறைகூடப் பெட்டியை இணைத்துப் பார்க்காத எங்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. 1,300 ரூபாய் அந்த ஆளின் கூலி.

அதற்காகக் கிடங்கை முழுதும் நம்பிவிடவும் முடியாது. கைப்பேசியும் கிடங்கும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், கைதவறி இங்கே அழித்தால் அங்கேயும் அழிகிறது. கடவுச்சொல்லைப் பிறர் கவர்ந்தாலும், கணக்கு முடக்கப்பட்டாலும் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். ஆகையால் பெட்டியும் வைத்திருக்கிறோம், ஒன்றல்ல, இரண்டு. ஒன்று தில்லியில், மற்றொன்று கோயம்புத்தூரில் அக்கா வீட்டில். ஒவ்வொரு கோடையிலும் கேரளா எக்ஸ்பிரஸில் எங்கள் பெட்டி வேட்டி மடிப்புக்குள் பயணம் செய்து அங்கே தங்க, அங்கிருந்தது இங்கே வருகிறது. வந்ததும் திறந்து பார்த்துப் புதியவற்றைச் சேர்க்கிறோம். மாமியார் வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் மாறி மாறிப் போகும் பெண்ணைப்போல் என்று அக்கா சொல்வார்.

ஒரே வீட்டில் கிடந்த ஏடு என்ன ஆகும் என்பது தமிழர்க்குப் புதிதா? ஆற்றில் விடப்பட்டவை, தீயில் இடப்பட்டவை, செல்லரித்தவை எத்தனை! உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, ஒரூர் ஏட்டில் முறிந்த இடம் வேறோர் ஊர் ஏட்டில் முறியாமல் இருந்ததால். அப்படி இருந்தது, யாரோ ஒருவர் கண் நோக எழுத்தாணி பிடித்துப் படியெடுத்துக் கொடுத்திருந்ததால்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர் வீட்டை விற்றபோது பரணைக் காலி செய்தோம். தகரப் பெட்டியில் 1962இல் தாத்தா எழுதிய இன்லண்டுக் கடிதங்கள் மடிப்பில் கிழிந்திருந்தாலும் ஓரெழுத்தும் மங்காமல் இருந்தன. அதே ஆண்டில் எங்கள் பழைய பென் டிரைவ் ஒன்று கிடைத்தது. 2006இல் இங்கே பொங்கல் விழாவுக்காக எழுதி நடித்த நாடகம் அதில் இருந்தது. கோப்பு பழுதாகவில்லை, திறந்தது. ஆனால் யூனிகோடு பரவுவதற்குமுன் வழங்கிய ஏதோ ஓர் எழுத்துருவில் அடித்தது அது. அந்த எழுத்துரு இப்போது எங்களிடம் இல்லை. முப்பது பக்கமும் ஆங்கில எழுத்தும் நட்சத்திரக் குறியும் கலந்த பிதற்றல். பெட்டியும் பிழைத்தது, கோப்பும் பிழைத்தது, தமிழ் மட்டும் இல்லை. நாடகத்தில் அரசனாக நடித்த நண்பருக்குத் தம் வசனம் பாதி நினைவிருக்கிறது. அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். அவரும் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போகிறார்.

வைப்பு நிதிக்கும் காப்பீட்டுக்கும் நாமினி படிவம் நிரப்பாத அரசு ஊழியர் இல்லை. எங்களுக்குப்பின் இந்தப் பரணை யார் திறப்பார் என்று மட்டும் நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. கூகுள் கணக்கில் அதற்கும் ஒரு படிவம் 2013 முதல் இருக்கிறது. குறித்த மாதங்கள் கணக்கு அசையாமல் கிடந்தால், நாம் பெயர் கொடுத்தவர்களுக்கு, பத்துப் பேர்வரை, செய்தி போகும், உள்ளிருப்பதை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் படிவத்தில் மகள் பெயரையும் அக்கா பெயரையும் எழுதினோம். எழுதும்போதுதான் அம்மாவின் கணக்கு நினைவுக்கு வந்தது.

அம்மாவிடம் ஒரு கைப்பேசி இருந்தது. வாங்கிக் கொடுத்த நாளில் அக்கா அவர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, கடவுச்சொல்லைப் பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருந்தார். இரண்டாண்டு யாரும் திறவாத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்குவோம் என்று அவ்வாண்டு மே மாதம் அறிவிப்பு வந்தது. அம்மாவின் கணக்கை மூன்றாண்டாக யாரும் திறக்கவில்லை. இம்முறை நிலுவையில் விடவில்லை. அன்றே அக்காவை அழைத்தோம். ஊர்ச் சாமான்களோடு வந்த மூட்டையில் பால் கணக்கு நோட்டைத் தேடி எடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

உள்ளே 212 படங்கள் இருந்தன. யாரும் கற்றுக்கொடுக்காமல் அவரே எடுத்தவை. தெரிந்து எடுத்தவை எத்தனை, கைபட்டு எடுபட்டவை எத்தனை என்று சொல்ல இயலாது. கூடத்துத் தரை. முருங்கை மரம். கட்டை விரல். மீண்டும் முருங்கை மரம், பூவோடு. வாசலில் போட்ட மார்கழிக் கோலங்கள் முப்பதுக்கு மேல், ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவருடைய நிழல்.

அவற்றைப் படியெடுத்து இரண்டு பெட்டிகளிலும் வைத்திருக்கிறோம். ஆயினும் ஆண்டுதோறும் அம்மாவின் திதியன்று, படையல் முடிந்து சாப்பிட உட்காருமுன், அக்கா கோயம்புத்தூரில் அந்தக் கணக்கை ஒருமுறை திறந்து, ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு மூடுகிறார். ‘திறந்துவிட்டேன்’ என்று எங்களுக்கு ஒரு செய்தி வரும். அதன்பின் நாங்கள் இலை போடுவோம்.